கேட்ட பிறகே பாடு: ஸ்க்ராட்ச் ஆர்கெஸ்ட்ராவும் ‘தி கிரேட் லெர்னிங்’ ஏழாம் பத்தியும்

1969ஆம் ஆண்டு ஜூன் மாதம், லண்டனிலிருந்து வெளிவரும் ‘தி மியூசிக்கல் டைம்ஸ்’ இதழில், அதுவரை ஒருமுறைகூடக் கூடியிராத ஓர் இசைக்குழுவின் சாசனம் அச்சானது. 19ஆம் நூற்றாண்டிலிருந்தே மேற்கத்தியச் செவ்வியல் இசை வல்லுநர்கள் படித்துவந்த இதழ் அது. அதில், இசைக்குறிப்பு படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூட இல்லாமல் ஆட்களை அழைக்கும் ஆவணம் இடம்பெற்றதே புதுமைதான். ‘வரைவு சாசனம்’ என்று தலைப்பிட்ட அதை எழுதியவர் ஆங்கில இசையமைப்பாளர் கார்னீலியஸ் கார்டியூ. மைக்கேல் பார்சன்ஸ், ஹோவர்ட் ஸ்கெம்ப்டன் ஆகிய இருவரோடு சேர்ந்து அவர் தொடங்கிய குழுவின் பெயர் ஸ்க்ராட்ச் ஆர்கெஸ்ட்ரா. பெரும் எண்ணிக்கையிலான ஆர்வலர்கள் தங்கள் வளங்களை (பணமும் பொருளும் அவற்றில் முதன்மையானவை அல்ல) ஒன்றுதிரட்டிச் செயலில் இறங்குவதற்காகக் கூடுவதே இந்தக் குழு என்று சாசனம் வரையறுத்தது.

அந்தக் குழு முழு உயிரோடு இயங்கியது ஏறத்தாழ மூன்று ஆண்டுகளே. அதற்குள் அது நகர மண்டபங்களிலும் கிராமத்துக் கூடங்களிலும் வாசித்தது. சுமார் 50 பேர்வரை சேர்த்துக்கொண்டது. பிறகு உட்பூசலில் சிதைந்தது. விசித்திரமான இசைக்குழுக்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அவற்றின் ஓசை எவ்வளவு விசித்திரமானது என்பதோடு நின்றுவிடுகிறது. இந்தக் குழுவையும் அப்படி அணுகினால் சில வேடிக்கைக் கதைகள் மட்டுமே மிஞ்சும். வாசிக்கும் ஒருவர் மற்றவரைக் கேட்டே ஆக வேண்டும் என்பதற்கு இந்தக் குழு எங்கே ஏற்பாடு செய்தது, எங்கே செய்யத் தவறியது என்ற கேள்வியோடு அணுகினால், அது எழுந்த விதமும் விழுந்த விதமும் ஒருசேர விளங்குகின்றன. இந்த ஆய்வு அந்தக் கேள்வியையே, கார்டியூவின் ‘தி கிரேட் லெர்னிங்’ என்ற பெரும்படைப்பின் ஏழாம் பகுதியான ‘ஏழாம் பத்தி’வரை பின்தொடர்கிறது.

கார்டியூ வந்த வழி

கார்டியூ 1936இல் பிறந்தவர். சிறுவயதில் கேன்டர்பரி பேராலயத்தின் பாடகர் குழுவில் பாடினார். பின்னர் லண்டனில் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் படித்தார். 1958 முதல் 1960 வரை ஜெர்மனியின் கொலோன் நகரில் இசையமைப்பாளர் கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹவுசனுக்கு உதவியாளராக இருந்து, நான்கு ஆர்கெஸ்ட்ராக்களும் நான்கு பாடகர் குழுக்களும் சேர்ந்து நிகழ்த்தும் ‘கர்ரே’ என்ற படைப்பை எழுதி முடிப்பதில் பங்கெடுத்தார். ஓசையின் நீளமும் உரப்பும் இடமும் தாளிலேயே நுணுக்கமாகத் தீர்மானிக்கப்படும் இசைமுறை அது. எழுதியதைப் பிசகாமல் நிறைவேற்றுவதே அங்கே வாசிப்பவரின் கடமை. ஊர் திரும்பிய கார்டியூ அதற்கு நேரெதிரான திசையில் நடக்கத் தொடங்கினார்.

அந்த நடையின் முதல் பெரிய விளைவு, 1963 முதல் 1967 வரை அவர் உருவாக்கிய ‘ட்ரீட்டிஸ்’. 193 பக்கங்கள் கொண்ட இந்தப் படைப்பில் கோடுகள், வட்டங்கள், எண்கள், சிதைந்த இசைக்குறியீடுகள், பக்கத்தின் நடுவே இழையோடிக்கொண்டே செல்லும் ஒரு கிடைக்கோடு ஆகியவை உண்டு. எப்படி வாசிப்பது என்பதற்கு ஒரு வரி விளக்கம்கூட இல்லை. கிராஃபிக் வடிவமைப்பாளராகவும் பணியாற்றியவரின் கை அதில் தெரிகிறது. பார்ப்பதற்கு இவ்வளவு அழகான இசைக்குறிப்பு 20ஆம் நூற்றாண்டில் அதிகம் இல்லை என்றே சொல்வேன். ஆனால் பயிற்சி பெற்ற கலைஞர்களின் கையில் அது திணறியது. அவர்களுடைய கண் பழகிய குறிகளைத் தேடியது. விரல் பழகிய பாதைக்கே திரும்பியது. கண்ணுக்குக் கல்வி பெற்று, இசைக் கல்வியிலிருந்து எப்படியோ தப்பித்து, இருந்தும் இசைக்கலைஞர்களாகிவிட்டவர்களே இந்தப் படைப்புக்கு ஏற்றவர்கள் என்று கார்டியூ எழுதினார். அப்படிப்பட்டவர்களை எங்கே தேடுவது என்பதே அடுத்த கேள்வியாயிற்று.

விடையின் ஒரு பாதி அவருக்கு 1966இல் கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு கிதார் கலைஞர் கீத் ரோ, சாக்ஸபோன் கலைஞர் லூ கேர், தாளக் கலைஞர் எடி ப்ரீவோ ஆகியோர் ஏ.எம்.எம். என்ற குழுவைத் தொடங்கியிருந்தார்கள். ஜாஸ் வாசித்துவந்த அவர்கள் ராகம், தாளம், தனி ஆவர்த்தனம் போன்ற எல்லாப் பிடிமானங்களையும் கைவிட்டு, லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் வாரந்தோறும் கூடி, முன்திட்டம் ஏதுமின்றி வாசித்தார்கள். ரோ கிதாரை மேசைமீது மல்லாக்கக் கிடத்தி, கையில் கிடைத்த உலோகப் பொருள்களால் அதன் தந்திகளை உரசியும் தட்டியும் வாசித்தார். அருகில் ஒரு ரேடியோவும் ஒலித்துக்கொண்டிருக்கும். இந்தக் குழுவில் கார்டியூ பியானோவும் செல்லோவும் வாசித்தார். 1966 ஜூனில் பதிவான அவர்களின் முதல் இசைத்தட்டை இன்று கேட்டால், எந்த ஓசை யாருடையது என்று பிரித்தறிய முடிவதில்லை. தான் எழுப்பும் ஓசை ஏற்கெனவே இருக்கும் ஓசைகளுக்கு நடுவே எங்கே பொருந்துகிறது என்று ஒவ்வொருவரும் கேட்டுக்கொண்டே வாசித்ததன் விளைவு அது.

அந்தக் கேட்கும் திறன் ஏ.எம்.எம். குழுவுக்கு நீண்ட பழக்கத்தால் வந்தது. நான்கைந்து பேர், வாரந்தோறும், பல மணி நேரம் என்ற கட்டுப்பாடு அதற்குத் தேவைப்பட்டது. தயாரான நிலை, தன்முனைப்பின்மை, பொறுமை ஆகியவற்றை மனோதர்ம இசைக்கலைஞருக்குரிய நற்பண்புகளாகப் பின்னாளில் கார்டியூ எழுதியது இந்த அனுபவத்தை வைத்தே. ஆனால் நற்பண்பைக் கோரலாம். 50 பேர் கொண்ட, தெருவிலிருந்து நேராக வந்து சேர்ந்த குழுவில் அது தானாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அங்கே பண்பின் இடத்தை விதி நிரப்ப வேண்டும். ஸ்க்ராட்ச் ஆர்கெஸ்ட்ராவின் வரலாறு அப்படிப்பட்ட விதிகளைத் தேடிய வரலாறுதான்.

சாசனம் செய்ததும் செய்யாததும்

1968 முதல் கார்டியூ லண்டனின் மார்லி கல்லூரியில் சோதனை இசை வகுப்பு ஒன்றை நடத்திவந்தார். வயது வந்தோர் மாலையில் வந்து படிக்கும் இடம் அது. அங்கே திரண்டவர்களும் கலைக்கல்லூரி மாணவர்களும் அலுவலக ஊழியர்களும் இளம் இசையமைப்பாளர்களும் சேர்ந்து 1969 ஜூலை 1 அன்று முதன்முறையாகக் கூடினார்கள். அதே ஆண்டு நவம்பர் 1 அன்று ஹாம்ப்ஸ்டெட் நகர மண்டபத்தில் முதல் கச்சேரி நடந்தது.

கச்சேரியை வடிவமைக்கும் உரிமை சுழற்சி முறையில் எல்லா உறுப்பினர்களுக்கும் வரும் என்றும், அந்த வரிசை மூப்பின் தலைகீழ் வரிசையில் அமையும் என்றும் சாசனம் கூறியது. அதாவது, வயதில் இளையவர் முதலில். இசைக்குழுக்களில் நடத்துநரின் அதிகாரம் எவ்வளவு கடுமையானது என்று அறிந்தவர்களுக்கு இந்த ஒரு விதியின் துணிச்சல் புரியும்.

குழு வாசிக்க வேண்டியவற்றைச் சாசனம் ஐந்து வகையாகப் பிரித்தது. அவற்றில் இரண்டை மட்டும் இங்கே நெருங்கிப் பார்க்கிறேன். முதலாவது ‘ஸ்க்ராட்ச் மியூசிக்’. ஒவ்வொரு உறுப்பினரும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்க வேண்டும். அதில் தான் வாசிக்கக்கூடிய பக்கவாத்தியப் பகுதிகளைச் சொல்லாலோ படத்தாலோ இசைக்குறியாலோ குறித்துவர வேண்டும். நாளொன்றுக்கு ஒன்றுக்கு மேல் குறிக்கக் கூடாது. பக்கவாத்தியம் என்பதற்குக் கார்டியூ தந்த வரையறை நுட்பமானது: தனி வாசிப்பு ஒன்று நிகழுமானால், அது தனியாகத் தெரியும்படி இடம்விடும் இசையே பக்கவாத்தியம். தனி வாசிப்பு நிகழ்ந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஆக, வராமலே போகக்கூடிய ஒருவருக்காகக் குழு முழுவதும் இடம்விட்டு வாசிக்கிறது. அப்படி வாசிப்பவர் தம் ஓசையை அடக்கி, மற்றவர் ஓசைக்கு எப்போதும் காது கொடுத்தாக வேண்டும். கேட்பதை வரையறைக்குள்ளேயே வைத்த முதல் முயற்சியாக இதைக் கருதுகிறேன்.

இரண்டாவது ‘பிரபலச் செவ்வியல்’. குழுவில் பலருக்கும் அறிமுகமான ஒரு படைப்பிலிருந்து ஒரு துணுக்கை எடுத்துக்கொள்ள வேண்டும். வாசிக்கத் தெரிந்த ஒருவர் அதை வாசிப்பார். மற்றவர்கள் தங்களால் இயன்ற அளவு கூடவே வந்து, நினைவில் உள்ளதை வாசித்து, நினைவு விட்ட இடங்களைத் தங்கள் கற்பனையால் நிரப்ப வேண்டும். பலரின் மங்கிய நினைவுகள் ஒரே நேரத்தில் ஒலிக்கும்போது, நன்கு தெரிந்த மெட்டு உருகி விரிவதைக் கேட்க முடியும். 1970இல் போர்ட்ஸ்மத் கலைக்கல்லூரியில் கேவின் பிரையர்ஸ் முன்னின்று தொடங்கிய போர்ட்ஸ்மத் சின்ஃபோனியாவும் இதற்கு நெருங்கிய சிந்தனையிலிருந்து பிறந்ததே; வாத்தியம் வாசிக்கத் தெரியாதவர்கள் மனமார்ந்த முயற்சியோடு செவ்வியல் மெட்டுகளை வாசித்த அந்தக் குழு 1974இல் ராயல் ஆல்பர்ட் ஹால்வரை போயிற்று. ஆனால் இந்த முறையில் கேட்டல் ஒருவழிப் பாதை. தெரிந்தவரைத் தெரியாதவர் கேட்டாக வேண்டும். தெரியாதவரைத் தெரிந்தவர் கேட்டாக வேண்டும் என்ற கட்டாயம் எங்கும் இல்லை.

மூன்றாவதாக ஒன்றையும் சொல்ல வேண்டும். சாசனத்திலேயே அது ஒரு வகையாக இல்லாவிட்டாலும் குழுவின் நடைமுறையில் மெல்லப் பெருத்தது. எதையும் செய்யலாம் என்ற செயல்களின் பட்டியல் அது. 1972இல் கார்டியூ தொகுத்து வெளியிட்ட நூலில் 1001 செயல்கள் வரிசையாகத் தரப்பட்டிருக்கின்றன. அவற்றில் பலவற்றைச் செய்ய மற்றவர் அருகில் இருப்பதே தேவையில்லை. ஒரே மண்டபத்தில் ஒருவர் ஒன்றைச் செய்ய, மற்றவர் வேறொன்றைச் செய்ய, பார்வையாளருக்கு அது திருவிழாவாகத் தோன்றலாம். செய்பவர்களோ ஒவ்வொருவரும் தனித்திருக்கிறார்கள்.

இவற்றுக்கு எதிர்முனையில் ஸ்கெம்ப்டனின் ‘டிரம் நம்பர் 1’ நிற்கிறது. எத்தனை டிரம்கள் வேண்டுமானாலும் இருக்கலாம். ஒரு துடிப்பைத் தொடங்க வேண்டும், அதைத் தொடர வேண்டும், பிறகு அழுத்தத்தாலோ அலங்காரத்தாலோ மறுப்பாலோ அதிலிருந்து விலக வேண்டும். அறிவுறுத்தல் இவ்வளவுதான். எதிலிருந்து விலகுகிறோம் என்று கேட்காமல் விலகவே முடியாது என்பதால், இந்தச் சில சொற்கள் நூற்றுக்கணக்கான செயல்களைவிட வலிமையாகக் குழுவைக் கட்டுகின்றன.

ஏழாம் பத்தி

சீனக் கன்பூசியச் செவ்வியல் நூலான ‘தா ஷுவே’யின் ஏழு பத்திகளை, அமெரிக்கக் கவிஞர் எஸ்ரா பவுண்டின் ஆங்கில ஆக்கத்தின் வழியே எடுத்துக்கொண்டு, 1968 முதல் 1971 வரை கார்டியூ ‘தி கிரேட் லெர்னிங்’ என்ற பெரும்படைப்பை எழுதினார். கற்களைத் தட்டல், விசில், ஆர்கன் ஆகியவை கொண்ட முதல் பத்தி 1968இல் செல்டன்ஹாம் விழாவில் அரங்கேறியது. இரண்டாம் பத்தியில் டிரம் வாசிப்பவர்களின் ஓசைக்கு மேலே பாடகர்கள் குரல் எழுப்பப் போராடுகிறார்கள். நான்காம் பத்தியில் மெத்தைகளைக் கோலால் அடிக்க வேண்டும். இவை எல்லாம் பெருங்குழுவைத் தேடிய படைப்புகள். ஸ்க்ராட்ச் ஆர்கெஸ்ட்ரா பிறந்ததற்கு அந்தத் தேவையும் ஒரு காரணம். இவற்றைக் கடந்து ஏழாம் பத்திக்கு வருகிறேன், ஏனென்றால் நான் மேலே சொன்ன சிக்கல் முழுமையாகத் தீர்ந்தது அங்கேதான்.

இது பக்கவாத்தியம் இல்லாமல் குரல்களுக்கு மட்டும் எழுதப்பட்டது. பாடகருக்குத் தரப்படும் தாளில் ஐந்து கோட்டு இசைக்குறிப்பு கிடையாது. வரிவரியாகச் சொற்களும் அவற்றுக்கு முன் எண்களும் மட்டும் இருக்கின்றன. முதல் வரியில் ‘எனில்’ என்ற பொருள் தரும் ஒற்றைச் சொல்லை 8 முறை பாட வேண்டும். அடுத்து ‘வேர்’ என்பதை 5 முறை. அதற்கடுத்து ‘குழம்பிக் கிடக்குமானால்’ என்ற பொருளுடைய தொடரை 13 முறை. அவற்றில் எவையேனும் 3 முறை உரத்து, மற்றவை மெல்ல. வேர் குழம்பியிருந்தால் எதுவும் செவ்வனே ஆளப்படாது என்று தொடங்கும் வாசகம் இப்படிச் சொல் சொல்லாக ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் விரிகிறது. இடையிடையே ஹம்மிங்கும் உண்டு. கடைசி வரியைப் பாடாமல் ஒரே ஒருமுறை பேச வேண்டும்.

ஒவ்வொரு முறையும் ஒரே ஸ்வரத்தில், ஒரு மூச்சு நீளத்துக்குக் கார்வை பிடிக்க வேண்டும். மூச்சு விட்டு, மீண்டும் அதே ஸ்வரம். முதல் வரிக்கான ஸ்வரத்தை அவரவர் விருப்பம்போல் தேர்ந்துகொள்ளலாம். ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்குப் போகும்போது, அந்த நேரத்தில் காதில் விழும் வேறொருவருடைய ஸ்வரத்தையே எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்தடுத்த இரண்டு வரிகளை ஒரே ஸ்வரத்தில் பாடக் கூடாது. எடுக்கத் தக்க ஸ்வரம் எதுவும் கேட்கவில்லை என்றால், அல்லது கேட்பது பாட முடியாத உயரத்தில் இருந்தால், அப்போது மட்டும் சுதந்திரமாகத் தேர்ந்துகொள்ளலாம். வேண்டிய ஸ்வரம் தொலைவில் கேட்டால் அதை நோக்கி நடந்துபோகலாம். அவரவர் மூச்சே அவரவர் தாளம் என்பதால், வரிகளை யாரும் யாரோடும் சேர்ந்து முடிப்பதில்லை.

இந்த விதிகளுக்குள் ஒளிந்திருக்கும் கணக்கைக் கவனிக்க வேண்டும். தொடக்கத்தில் 40 பேர் பாடினால், ஏறத்தாழ அத்தனை விதமான ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. கேட்பவர் காதில் அது கரடுமுரடான ஓசைக் குவியல். இரண்டாம் வரி முதல், புதிய ஸ்வரம் உள்ளே வருவதற்கான கதவு ஏறத்தாழ மூடப்பட்டுவிடுகிறது. இருப்பவற்றிலிருந்தே எடுக்க வேண்டும். யாரும் எடுக்காத ஸ்வரம் அதைப் பாடியவர் வரி மாறியதும் மறைந்துவிடுகிறது. பலரும் எடுத்த ஸ்வரம் வலுப்பெற்று, இன்னும் பலரை இழுக்கிறது. ஆகவே யாரும் நடத்தாமலே, நேரம் செல்லச் செல்ல ஸ்வரங்களின் எண்ணிக்கை குறைந்து, ஓசை தெளிந்து, சில ஸ்வரங்களின் மேல் குழு முழுவதும் நிலைகொள்கிறது. எந்த ஸ்வரங்கள் என்பது முன்கூட்டி யாருக்கும் தெரியாது. தம்பூராவின் நிலையான ஷட்ஜத்துக்குப் பழகிய காதுக்கு இதில் ஆச்சரியம் அதிகம், ஏனென்றால் ஆதாரம் என்று ஒன்று முதலில் இல்லை. பாடுபவர்கள் பாடிப் பாடியே அதை உண்டாக்குகிறார்கள்.

1971இல் டாய்ச்ச கிராமஃபோன் நிறுவனம் வெளியிட்ட பதிவில் பாடியவர்களுள் ஒருவர் பிரிட்டிஷ் இசைக்கலைஞர் பிரையன் ஈனோ. அவர் 1976இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இந்தப் பத்தி ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று ஆராய்ந்தார். அவர் சுட்டிய காரணங்கள் இன்றும் ஏற்கத்தக்கவை. சுருதி சேராத பாடகர் ஒரு ஸ்வரத்தை எடுக்க முயன்று சற்றுத் தவறினால், மூடிய கதவு வழியே ஒரு புது ஸ்வரம் உள்ளே வருகிறது. குழுவின் வளத்துக்கு அவரே ஊற்று. மிக நெருங்கிய இரண்டு ஸ்வரங்கள் சேரும்போது விம்மல்கள் எழுகின்றன. அந்தத் துடிப்பு ஒரு தாளம்போலக் கேட்கிறது. ஒவ்வொரு மண்டபமும் சில அதிர்வெண்களுக்கு ஒத்ததிர்ந்து அவற்றை ஓங்கச் செய்வதால், பாடகர்கள் தங்களை அறியாமலே கட்டடத்தின் ஸ்வரத்தைத் தேர்கிறார்கள். இவற்றோடு, இனிமையாகச் சேரும் ஸ்வரத்தை நாடும் மனித ருசியும் வேலை செய்கிறது.

ஒரு பழைய தேவாலயக் கூடத்தில் நடந்த ஏழாம் பத்தியில் நானும் ஒரு குரலாக நின்றிருக்கிறேன். வெளியிலிருந்து கேட்டபோது பிடிபடாத ஒன்று அங்கே பிடிபட்டது. தாளைப் பார்த்தபோது பாடுவதே வேலை என்று நினைத்திருந்தேன்; ஆனால் மூச்சு நீண்டுகொண்டிருக்கும்போதே அடுத்த வரிக்கு யாருடைய ஸ்வரத்தை எடுப்பது என்று காது தேடத் தொடங்கிவிடுகிறது. என் குரல் உரத்து ஒலித்தால் எனக்கே மற்றவர் கேட்பதில்லை. ஆகவே யாரும் சொல்லாமலே குரல் தணிகிறது. எதிர்ச்சுவர் பக்கம் ஒரு பெண்மணியின் கீழ்ஸ்தாயி ஸ்வரம் ஒன்று என்னை இழுத்தது. அதை நன்றாகக் கேட்க வேண்டும் என்று கூடத்தின் குறுக்கே நடந்தேன்; நெருங்குவதற்குள் அவர் அந்த வரியை முடித்து வேறு ஸ்வரத்துக்குப் போய்விட்டார். ஆனால் வழியில் நின்றிருந்த ஒருவர் அதற்குள் அதை எடுத்திருந்தார். சற்று இறங்கியே பாடினார். நான் எடுத்தது அந்த இறங்கிய ஸ்வரத்தைத்தான். சிறிது நேரத்தில் கூடத்தின் அந்த மூலை முழுவதும் அதையே பாடியது. சுருதி தவறியது யார், சரியாகப் பாடியது யார் என்று அந்த இடத்தில் கேட்பதற்கே வழியில்லை.

பயிற்சி பெற்றவரும் பெறாதவரும் உண்மையிலேயே சமமாக நிற்கும் இசை மிக அரிது. பல படைப்புகளில் பயிற்சி பெறாதவர் அனுமதிக்கப்படுகிறார். இங்கே அவர் தேவைப்படுகிறார். இந்த வேறுபாட்டை எத்தனை முறை சொன்னாலும் தகும் என்று நினைக்கிறேன்.

உடைவு

குழு 1970 கோடையில் கார்ன்வால், ஆங்கிள்சீ பகுதிகளில் சுற்றுப்பயணம் செய்து, ஊர்க்கூடங்களிலும் திறந்த வெளிகளிலும் வாசித்தது. வெளியே பெயர் பரவிய அதே நேரத்தில் உள்ளே கசப்பும் வளர்ந்தது. 1971 ஆகஸ்டில் உறுப்பினர்கள் தங்கள் குறைகளை எழுதித் தருவதற்கென ஒரு கோப்பு திறக்கப்பட்டு, அவை கூட்டங்களில் விவாதிக்கப்பட்டன. நாம் யாருக்காக வாசிக்கிறோம், இசை தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும் இடையே உள்ள பிளவை என்ன செய்வது என்பன போன்ற கேள்விகள் எழுந்தன. பியானோ கலைஞர் ஜான் டில்பரி குழுவின் முரண்பாடுகளை மார்க்சிய நோக்கில் ஆராய்ந்து முன்வைத்தார். அவரும் கீத் ரோவும் முன்னெடுத்த சித்தாந்தக் குழுவில் கார்டியூவும் சேர்ந்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஸ்க்ராட்ச் ஆர்கெஸ்ட்ராவின் இசை அரசியல் பாடல்களை நோக்கித் திரும்பியது. அதில் உடன்படாதவர்கள் விலகினார்கள்.

1972 ஆகஸ்டில் பிபிசியின் ப்ராம்ஸ் விழாவில் முதல் பத்தி நிகழ்த்தப்பட்டபோது, கன்பூசிய வாசகத்தை மாவோவின் சிந்தனைக்கு இசைய மாற்றி மொழிபெயர்க்கவும், புரட்சி முழக்கம் தாங்கிய பதாகைகளை மேடையில் வைக்கவும் கார்டியூ விரும்பினார். பதாகைகளுக்கு அனுமதி கிடைக்கவில்லை. 1974இல் வெளியான ‘ஸ்டாக்ஹவுசன் சர்வ்ஸ் இம்பீரியலிசம்’ என்ற நூலில் அவர் தம் ஆசானை மட்டுமல்லாமல், தம்முடைய ‘ட்ரீட்டிஸ்’, ‘தி கிரேட் லெர்னிங்’ ஆகியவற்றையும் கடுமையாக நிராகரித்தார். அதன் பிறகு உழைக்கும் மக்களுக்கான பாடல்களை எழுதுவதிலும் கட்சிப் பணியிலும் வாழ்ந்த அவர், 1981 டிசம்பர் 13 அன்று கிழக்கு லண்டனின் லேட்டன் பகுதியில் வாகனம் மோதி இறந்தார். மோதிய வாகனம் நிற்கவில்லை. ஓட்டியவர் கண்டுபிடிக்கப்படவும் இல்லை. அவருக்கு வயது 45.

அரசியல் வந்ததால் குழு அழிந்தது என்று சிலரும், அரசியல் இல்லாமல் வெறும் விளையாட்டாக இருந்ததால் அழிந்தது என்று சிலரும் கூறுகிறார்கள். இரண்டையும் நான் ஏற்கவில்லை. அந்தக் கோப்பில் எழுப்பப்பட்ட கேள்விகள் நியாயமானவை; கார்டியூவின் அரசியல் நேர்மையை ஐயுறவும் காரணம் இல்லை. தம் புகழ்பெற்ற படைப்புகளையே அவர் அதற்காகத் துறந்தார். சிக்கல் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. செயல்களின் பட்டியல் பெருகப் பெருக, ஒருவர் செய்வது மற்றவர் செய்வதைச் சார்ந்திராத கச்சேரிகள் பெருகின. அப்படிப்பட்ட கச்சேரிகளில் திறமை உள்ளவர் தம் திறமையோடும், இல்லாதவர் தம் ஆர்வத்தோடும் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். இடையே எதுவும் கடந்து செல்லவில்லை. கேட்டலை ஆளாளுக்குரிய நற்பண்பிடம் விட்டுவிட்ட இடங்களிலெல்லாம் குழு தளர்ந்தது. கூட்டங்களிலும் அதுவே நடந்தது என்று கருதுகிறேன்: கருத்தை எழுதித் தர ஏற்பாடு இருந்தது, ஆனால் எழுதியதை மற்றவர் எடுத்துத் தம்முடையதாக்கிக்கொள்ளும் ஏற்பாடு இல்லை. ஒரு கோட்பாடு வந்து எல்லாவற்றுக்கும் ஒரே விடை தந்தபோது, அதை ஏற்றவர்கள் தங்கினார்கள், ஏற்காதவர்கள் போனார்கள்.

‘தி கிரேட் லெர்னிங்’ குறித்த கார்டியூவின் பிற்காலத் தீர்ப்பில் ஏழாம் பத்தியின் அளவிலாவது எனக்கு உடன்பாடு இல்லை. வாசகம் ஆளும் வர்க்கத்தின் பழைய நீதியைச் சொல்கிறது என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் சொற்கள் ஒன்றைச் சொல்ல, விதி வேறொன்றைச் செய்கிறது. ஆணையிடுபவர் இல்லாமல், மற்றவரிடமிருந்து எடுத்தும் மற்றவருக்குக் கொடுத்தும் ஒரு பெருங்குழு தனக்கான ஒழுங்கைத் தானே கண்டடைவதை அந்த விதி ஒவ்வொரு முறையும் நடத்திக் காட்டுகிறது. அவர் தேடிய சமத்துவம் அவர் கைவிட்ட தாளிலேயே இருந்தது.

இதைக் கேட்க விரும்புவோருக்கு

பெரும்பாலோர் முதலில் நாடுவது 1971இன் இசைத்தட்டைத்தான். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அடங்க வேண்டியிருந்ததால் அதில் ஏழாம் பத்தி மிகவும் சுருங்கிவிட்டது. குவியல் தெளிவாக மாறும் மெதுவான போக்கே இதன் உயிர் என்பதால், சுருக்கம் பெரிய இழப்பு. மைக்ரோஃபோன் ஓரிடத்தில் நிற்பதும் இன்னொரு இழப்பு. பாடகர்கள் நடக்கும்போது ஓசையின் இடம் மாறுவது பதிவில் அரைகுறையாகவே தெரிகிறது. பதிவை மட்டும் கேட்டு, எல்லாம் ஒரே மாதிரி முனகலாக இருக்கிறது என்று ஒதுக்கியவர்கள் உண்டு. நேரில் நடக்கும்போது நாற்காலியில் அமராமல் பாடகர்களுக்கு நடுவே மெல்ல நடந்து கேட்டால், ஒரே நேரத்தில் கூடத்தின் இரண்டு மூலைகளில் இரண்டு வேறு இசைகள் உருவாகிக்கொண்டிருப்பது தெரியும். பாடுவோர் அனுமதித்தால் கூடவே பாடுவது அதைவிட நல்லது.

நிகழ்த்த விரும்பும் குழுக்கள் ஆட்களைவிடக் கூடத்தை முதலில் பார்க்க வேண்டும். எதிரொலி சற்று நீளமான, குரல் ஓய்ந்த பின்னும் ஒரு கணம் தங்கும் கூடமாக இருந்தால் நல்லது. சிறிய கூடத்துக்கு இருபது குரல்கள் போதும். அதே இருபது பேரைப் பெரிய அரங்கத்தில் பரப்பி நிறுத்தினால், ஒருவரை ஒருவர் கேட்க முடியாத இடைவெளிகள் உண்டாகும்; கேட்க எதுவுமில்லை என்ற விலக்கு அடிக்கடி பயன்பட்டு, புதிய ஸ்வரங்கள் தொடர்ந்து நுழைந்து, ஓசை கடைசிவரை தெளியாது. பாடகர் குழுவில் பழகியவர்கள் அதிகமாக இருந்தால் நேர்மாறான சிக்கல்: எட்டாம் ஸ்வரத்துக்கும் பஞ்சமத்துக்கும் எல்லோரும் விரைந்து ஒதுங்கிவிட, பாதி வழியிலேயே இசை உறைந்துவிடும். அப்படிப்பட்ட குழுவினர், வாழ்நாளில் மேடையேறிப் பாடியே இராத சிலரைத் தேடிப்பிடித்துக் கூட நிறுத்திக்கொள்வது நல்லது.